லைன்லயே இருங்க

பார்சல் கிடங்கில் அவருக்கு மாடி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. அதை யாரும் திருப்பிப் பார்த்ததில்லை. லிஃப்ட் இல்லாத கட்டடம் வந்துவிட்டால் மற்ற டிரைவர்கள் கீழே நின்றபடியே போனைப் போட்டு, "சார், கொஞ்சம் இறங்கி வந்து வாங்கிக்கிறீங்களா?" என்பார்கள். இவர் அப்படிக் கேட்டதே இல்லை. மூட்டையோ பெட்டியோ, தோளில் தூக்கிக்கொண்டு ஏறிவிடுவார். ஏறுவதோடு விட்டாரா? கட்டில் என்றால் பொருத்திக் கொடுத்துவிட்டு வருவார். பல்பு என்றால் ஸ்டூல் போட்டு மாட்டிவிட்டு வருவார். "உனக்கு மட்டும் இதுக்கெல்லாம் தனியா படியளக்கிறாங்களாப்பா?" என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் பண்ணுவார்கள். "கால் இருக்கிறவரைக்கும் ஏறுவோம்" என்று இவரும் சிரிப்பார்.

அந்த மனுஷனுக்குத்தான் இப்படி ஆனது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கினது யானைக்கு மட்டும் தெரிந்து, ஊரே அதற்கு மாலை போட்டால், அது எங்கே போய் அழும், சொல்லுங்கள்.

வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், பழைய நீல கேட் போட்ட ஒரு கட்டடத்தின் நாலாம் மாடிக்கு அவர் ஒரு பார்சல் கொண்டுபோவார். சின்னப் பெட்டிதான், உள்ளங்கையில் அடங்கும். அந்த வீட்டில் ஒரு அம்மா தனியாக இருந்தார். தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷம் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் இணைப்புக் கொடுத்தவர். இடுப்பு எலும்பில் ஆபரேஷன் ஆனதிலிருந்து கையில் தடி. லிஃப்ட் கெட்டுப்போய் எட்டு மாதம் ஆகியிருந்ததால் கீழே இறங்குவதே இல்லை.

கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து குரல் வரும். உடம்பு தளர்ந்தாலும் குரல் தளரவில்லை. மணி மாதிரி இருக்கும்.

"யாரு?"

"பார்சல்மா."

"லைன்லயே இருங்க தம்பி, வந்துட்டேன்!"

பிறகு தடி கேட்கும். டொக், டொக். கட்டிலிலிருந்து கதவுக்குப் பதினாலு. எண்ண வேண்டும் என்று எண்ணியதில்லை, நின்று நின்று மனதில் தங்கிவிட்டது. கதவு திறந்ததும் அந்த அம்மா கையை நீட்டுவார். இடுப்பு பெல்ட்டிலிருக்கும் கத்தியை இவர் எடுத்துக் கொடுக்க வேண்டும். இவர் எதிரிலேயே அந்த அம்மா பெட்டியைப் பிரிப்பார்.

"பாருங்க தம்பி, இன்னொரு டீ வடிகட்டி! இதோட அஞ்சு. நான் என்ன ஓட்டலா நடத்தறேன்? போன வெள்ளிக்கிழமை நகவெட்டி. அதுக்கு முந்தி துணி கிளிப்பு. எம் பொண்ணுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு."

"பாசம்தாம்மா."

"பாசத்தை வடிகட்டியிலயா அனுப்புவா? இந்தாங்க, இதை உங்க வீட்டம்மாகிட்ட குடுங்க. வேணாம்னு சொல்லாதீங்க. சொன்னா, அடுத்த வாரம் இதையெல்லாம் வைக்க ஒரு அலமாரி அனுப்புவா, அதையும் நீங்கதான் தூக்கிட்டு வரணும்."

இப்படியே நம் மாடியின் வீட்டுச் சமையலறைக்கு ஒரு வடிகட்டி, இரண்டு நகவெட்டி, ஒரு சின்னக் கத்திரிக்கோல் எல்லாம் வந்து சேர்ந்தன. மகள் வெகுதூரத்தில் வேறொரு நகரத்தில் வேலையில் இருந்தாள். பார்சலைக் கையில் கொடுத்ததற்கு நாலு இலக்க எண் ஒன்று கேட்டு வாங்கி டிரைவர் தன் போனில் போட வேண்டும். போட்டால்தான் கணக்கு முடியும். அந்த எண் மகளின் போனுக்குத்தான் வரும். அம்மாவைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று அவள் காலையிலேயே இவருக்கு அதை அனுப்பிவிடுவாள். 'அண்ணா, இன்னிக்கு நம்பர் இது. அம்மா கதவு திறக்கக் கொஞ்ச நேரம் ஆகும். தயவுசெஞ்சு நின்னு, ஒரு பார்வை பார்த்துட்டுப் போங்க.'

"பொண்ணு போன் பண்ணினா எடுக்கலாம் இல்லம்மா?" என்று ஒருநாள் இவர் கேட்டார்.

"முப்பது வருஷம் ஊரார் பேச்சு கேட்ட காது தம்பி இது. போதும். போனை எடுத்து மேஜை டிராயர்ல போட்டுட்டேன். என்னைப் பார்த்துக்க ஒரு நர்ஸை அனுப்பினா, ரெண்டே நாள்ல துரத்திட்டேன். எனக்கு எதுக்குக் காவல்?"

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருவோம்.

கிடங்கில் ஒரு விதி உண்டு. முற்பகல் பட்டியலில் இருக்கும் பார்சல் எல்லாம் பன்னிரண்டு மணிக்குள் முடிய வேண்டும். முடியாதது போனில் சிவப்பாக மாறும். ஒரே நாளில் மூன்று சிவப்பு விழுந்தால் சூப்பர்வைசர் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவார். இரண்டாம் தடவை பேச மாட்டார், வேறு ஆளை வண்டியில் ஏற்றிவிடுவார். இதற்கு டிரைவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். பழக்கமான வீடு, எண் கையில் இருக்கிறது என்றால், வண்டியில் இருந்தபடியே எண்ணைப் போட்டு முடித்துவிட்டு, பார்சலைச் சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுப்பது. 'கீழேயே முடிக்கிறது' என்று அதற்குப் பெயர். எல்லாரும் செய்தார்கள். அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை.

அன்றைக்குக் காலை முதல் மழை. புதிதாகக் கல்யாணமான இரண்டு பேருக்கு ஒரு துணி பீரோ. மூன்று மாடி ஏற்றினார். ஏற்றினதோடு வந்திருக்கலாம். பீரோ கதவைப் பொருத்தத் தெரியாமல் அந்த இரண்டும் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து உட்கார்ந்துவிட்டார். ஐம்பது நிமிஷம் போனது. நீல கேட்டுக்கு வந்தபோது கையில் பதினோரு பார்சல் பாக்கி, முழங்கால் விண்விண் என்று தெறித்தது. படிக்கட்டை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். சாயங்காலம் ஏறிக்கொள்வோம், நிதானமாக இரண்டு வார்த்தை பேசிவிட்டும் வரலாம் என்று நினைத்தார். மகள் அனுப்பிய எண்ணைப் போட்டார். 'வாடிக்கையாளரிடம் நேரில் ஒப்படைக்கப்பட்டது' என்று பச்சை டிக் விழுந்தது. மணி பதினொன்று நாற்பத்திரண்டு.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஏறினார். கதவுக் கொண்டியில் பால் பை தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் போட்ட பாக்கெட் பையிலேயே இருந்தது. தட்டினார். குரல் இல்லை. மறுபடி தட்டினார். கீழே ஓடிக் காவலாளியைக் கூட்டிவந்து, இருவருமாகத் தோளால் மோதிக் கதவைத் திறந்தார்கள். குளியலறை வாசலில் அந்த அம்மா விழுந்துகிடந்தார். தடி எட்டாத தூரத்தில் உருண்டிருந்தது. கண் லேசாகத் திறந்திருந்தது, மூச்சு இருந்தது. ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காமல் இரண்டு கையிலும் ஏந்தி நாலு மாடியும் இறங்கி, பார்சலோடு பார்சலாகத் தன் வண்டியிலேயே படுக்கவைத்து, காவலாளியையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். ஏழு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

"கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க?" என்று டாக்டர் கேட்டார்.

இவர் வாயைத் திறக்குமுன் காவலாளி முந்திக்கொண்டான். "இவர்தான் டாக்டர் காலைல பார்சல் குடுத்தாரு, வண்டியை கேட்டுல பார்த்தேன். சாயங்காலம் மறுபடி எட்டிப் பார்க்க ஏறியிருக்காரு. போன்ல டைம் இருக்கும், பாருங்க."

டாக்டர் போனைப் பார்த்தார். நண்பகலுக்குப் பிறகு விழுந்திருக்கிறார் என்று எழுதிக்கொண்டார். இவர் தலை ஆடியதா இல்லையா என்பது இவருக்கே நினைவில்லை. எழுதி முடித்தாகிவிட்டது, அவ்வளவுதான் தெரியும்.

பிறகு நடந்ததுதான் கூத்து. காவலாளி சொல்லி, பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி, விஷயம் கிடங்குக்குப் போனது. 'வாடிக்கையாளருக்காக ஒரு படி மேலே' என்று எழுதி, இவர் படத்தை ஆளுயரத்துக்கு அச்சடித்து வாசலில் மாட்டினார்கள். காலை ஆறு மணிக்குப் பார்சல்களை வண்டியில் அடுக்கப் போகும்போதெல்லாம் அந்த முகம் இவரைப் பார்த்துச் சிரித்தது. இவர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்.

அன்றிலிருந்து எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் இவருக்கு அந்தத் தடி கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வரும். பதின்மூன்றோடு நின்றுவிடும். கதவு திறந்து யாரோ ஒருவர் பார்சலை வாங்கிக்கொள்வார்; இவர் பதினாலாவதற்காக அங்கேயே நிற்பார். "என்னப்பா, இன்னும் ஏதாவது இருக்கா?" என்று கேட்டால்தான் நகர்வார். வண்டியின் பின்பக்கம் காலியாக இருக்கும்போதும் அங்கே யாரோ படுத்திருப்பது போல மெதுவாகத் திருப்பினார். பகல் பதினொன்று நாற்பத்திரண்டுக்கு, அலாரம் வைத்தது போல, கை தானாகப் போனை எடுத்துப் பார்த்தது. எல்லா மாடியும் ஏறினார். சிவப்புச் சிவப்பாக விழுந்தது. படத்தில் இருக்கிற ஆள் என்பதால் சூப்பர்வைசர் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டில் மனைவிக்கு முதலில் பெருமைதான். தையல் மிஷினை மிதித்துக்கொண்டே, துணி தைக்க வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். இவர் தட்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பார்க்கத்தான் அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"என்னங்க இது, பேய் அறைஞ்ச மாதிரி? நாலு பேர் நல்லது சொல்றாங்க, உங்க மூஞ்சில ஈ ஆடலையே."

அன்றைக்குத்தான் அவளிடம் சொன்னார். எல்லாவற்றையும், பால் பை உட்பட. வண்டியின் டிரைவர் சீட்டுக்கு அடியில் அந்தப் பெட்டி பிரிக்காமல் இன்னும் கிடக்கிறது என்பதையும் சொன்னார்.

மிஷின் நின்றது. அவள் நூலை அறுத்துவிட்டுத் திரும்பினாள்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அப்ப தெரிய வேணாம்."

"அவங்க காலையிலயே விழுந்துட்டாங்க. நான் ஏறியிருந்தா..."

"ஏறியிருந்தா, ஏறியிருந்தா! நீங்க என்ன வேணும்னா பண்ணினீங்க? ஊரே பண்றதை ஒருநாள் பண்ணினீங்க. இப்ப போய்ச் சொன்னா செத்தவங்க எழுந்து வந்துடுவாங்களா? உங்க வேலை போகும். அந்தப் பொண்ணு மனசும் சேர்ந்து போகும். அவளாவது நிம்மதியா இருக்கட்டுமே."

அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் இவருக்குப் பெரிய தொல்லையாக இருந்தது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் வந்தாள். அம்மாவின் வீட்டைக் காலி செய்ய வந்தவள், காவலாளியிடம் விலாசம் வாங்கிக்கொண்டு நேராக இவர் வீட்டுக்கே வந்துவிட்டாள். முப்பத்தைந்து வயதிருக்கும். மூக்கும் நெற்றியும் அப்படியே அம்மா. வாசலில் பார்த்ததும் இவர் எழுந்து நின்றுவிட்டார்.

"அண்ணா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. பெத்த பொண்ணு நான் பண்ண வேண்டியதை நீங்க பண்ணியிருக்கீங்க. உங்க கையில தூக்கிட்டு..."

"உக்காரும்மா" என்றார்.

மனைவி டீ போடப் போனாள். சமையலறை அந்த ஒரே அறையின் மூலையில்தான். அவள் டீயை வடிகட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் திடீரென்று சிரித்தாள்.

"அந்த வடிகட்டி நான் வாங்கினதுதானே?"

"ஆமாம்மா. அம்மாதான் குடுத்தாங்க" என்றாள் மனைவி, கொஞ்சம் கூச்சத்தோடு.

"நல்லா திட்டியிருப்பாங்களே. அதாண்ணா, உங்ககிட்ட இன்னொண்ணு கேக்கணும்னு இருந்தேன். நான் அனுப்பினது அத்தனையும் வரிசையா அலமாரியில இருக்கு. பிரிச்ச அட்டைப்பெட்டியைக்கூட மடிச்சு வெச்சிருக்காங்க. கடைசியா அனுப்பின மூக்குக்கண்ணாடிக் கூடு மட்டும் காணோம். வீடு பூரா தேடிட்டேன். அதையும் உங்ககிட்ட குடுத்துட்டாங்களோ?"

இவர் வெளியே வண்டி நிற்கும் பக்கம் பார்த்தார். மனைவி டம்ளரை நீட்டியபடி முந்திக்கொண்டாள்.

"ஆமாம்மா, குடுத்துட்டாங்கன்னு சொன்னாரு. இங்கதான் எங்கேயோ வெச்சிருக்கேன்."

"பிரிச்சப்போ திட்டினாங்களா, சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்களாம்."

மகள் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கண்ணிலிருந்து நீர் இறங்கியது. "போதும். சிரிச்சுட்டுத்தான் இருந்தாங்க. அது போதும் எனக்கு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது. மனைவி இவரைப் பார்த்த பார்வையில், பேசாமல் இருங்கள், இதோடு முடிந்தது என்று இருந்தது. முடிந்துதான் இருக்கும். மகள் எழுந்து போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவள் டீயைக் குடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். துக்கம் கொஞ்சம் இறங்கினால் மனுஷர் பேசத்தானே செய்வார்கள்.

"சாமானுக்காகவா வாங்கினேன்? யாருக்கு வேணும் அஞ்சு வடிகட்டி? அம்மா போனை எடுக்க மாட்டாங்க, ஆளையும் வைக்க விட மாட்டாங்க. வாரத்துல ரெண்டு நாளாவது யாராவது ஏறிப் போய்ப் பார்க்கணுமே. அதுக்குத்தான் பார்சல். இதை அம்மாகிட்டயும் சொல்லல, உங்ககிட்டயும் சொல்லல. சொன்னா நீங்க அம்மாகிட்ட உளறிடுவீங்கன்னு பயம். அந்தப் பச்சை டிக் விழுந்தா, அம்மா நடந்து வந்து கதவைத் திறந்துட்டாங்கன்னு அர்த்தம். அன்னிக்குக் காலையிலேர்ந்து எனக்கு மனசே சரியில்லண்ணா. பக்கத்து வீட்டுக்குப் போன் பண்ணி, கொஞ்சம் எட்டிப் பாருங்கன்னு சொல்லலாமான்னு போனைக் கையில எடுத்துட்டேன். அப்பத்தான் டிக் விழுந்துச்சு. பதினொன்னு நாப்பத்திரண்டு. அப்பாடான்னு போனை வெச்சுட்டேன்."

இவர் எழுந்தார். "என்னங்க?" என்றாள் மனைவி. அந்த ஒரு வார்த்தையில் அவள் கெஞ்சினாள். இவர் வெளியே போய் வண்டிக் கதவைத் திறந்து, சீட்டுக்கு அடியில் கையை விட்டு, அந்தச் சின்னப் பெட்டியை எடுத்துவந்து மகளின் முன்னால் வைத்தார். ஒட்டின டேப் ஒட்டினபடி இருந்தது.

"அம்மா இதைப் பார்க்கலம்மா. நான் அன்னிக்குக் காலைல ஏறவே இல்ல. கீழ நின்னே நம்பரைப் போட்டேன். சாயங்காலம்தான் வந்தேன். காலைல வந்த பால் அப்படியே பையில தொங்கிட்டிருந்துச்சு."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த அம்மாவின் பெயரை விரலால் தடவினாள். திட்டுவாள், அடிப்பாள் என்று இவர் எதிர்பார்த்தார். அடித்தால் தேவலை என்றும் இருந்தது.

"வண்டியை எடுங்க" என்றாள்.

நாலு மாடியும் இருவரும் ஏறினார்கள். பூட்டுக்கு அடியில் புதிதாக ஒரு மரத்துண்டு வைத்து அடித்திருந்தார்கள். மகள் கதவைத் திறந்துகொண்டு, பெட்டியை இவர் கையில் கொடுத்தாள்.

"இங்கயே நில்லுங்க. நான் உள்ள போய்க் கதவைச் சாத்திக்கறேன். எப்பவும் தட்டற மாதிரி தட்டுங்க."

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"அன்னிக்கு நீங்க ஏறி வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு எனக்குத் தெரியணும். உங்களுக்குத் தெரிய வேணாமா?"

கதவு சாத்திக்கொண்டது. அவள் காலடி உள்ளே போவது கேட்டது. குளியலறைப் பக்கம். அங்கே நின்றது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

இவர் தட்டினார். மூன்று தட்டு, எப்போதும் போல. கேட்கக் கூடாது, கேட்கக் கூடாது என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டார். இத்தனை கனமான கதவு, அத்தனை தூரம், தரையில் கிடக்கிற ஒரு ஜீவன். கேட்காது. கேட்கவில்லையென்றால், அன்றைக்கு ஏறியிருந்தாலும் யாரும் இல்லை என்று இறங்கித்தான் போயிருப்போம். அது ஒன்று போதும், ஆயுசுக்கும் தூங்கிவிடலாம். எங்கோ குழாயில் தண்ணீர் ஓடியது. கீழே யாரோ இருமினார்கள்.

அப்போது தரையோடு தரையாக அந்தக் குரல் வந்தது. கூவவில்லை, கத்தவில்லை.

"லைன்லயே இருங்க தம்பி... வந்துட்டேன்..."

ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. அது அம்மாவின் குரலேதான். தடிச் சத்தம் வரவில்லை. இவர் சுவரில் சாய்ந்தபடி படியில் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. மகளின் கன்னத்தில் தரைத் தூசி ஒட்டியிருந்தது.

"கேட்டுச்சா?"

கேட்கவில்லை என்று சொல்லலாம். அவள் முகம் அதற்கும் தயாராகத்தான் இருந்தது. ஒருவேளை அதைத்தான் கேட்டது. இவர் அவள் கண்ணைப் பார்த்தார்.

"கேட்டுச்சும்மா."

"மெதுவாத்தான் சொன்னேன்."

"எல்லாம் கேட்டுச்சும்மா."

அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். பெரிய அழுகை. இவரும் அழுதார். ஒருவரை ஒருவர் தேற்றிக்கொள்ளவில்லை. அழுது ஓய்ந்தபின் அவள் கையை நீட்டினாள். கத்தியைத்தான் கேட்கிறாள் என்று இவர் பெல்ட்டைத் தொட்டார்.

"கத்தி வேணாம். பார்சலை மட்டும் குடுங்க."

கொடுத்தார். அவள் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு நான் டாக்டரைப் பார்க்கப் போறேன். மதியத்துக்கு அப்புறம்னு எழுதினதை மாத்தணும். நீங்க வந்து சொல்லணும்."

"வரேம்மா."

"உங்க கம்பெனியிலயும் சொல்லணும். வேலை போயிடும்."

"போகட்டும்மா."

"உங்களை மன்னிக்கணும்னு எனக்கு இப்ப தோணல அண்ணா. அப்புறம் தோணுமான்னும் தெரியல."

"சரிம்மா" என்றார். அந்த 'அண்ணா' எப்படியோ இன்னும் மிச்சம் இருந்தது. அதற்குத் தாம் லாயக்கில்லை என்று நினைத்துக்கொண்டே எழுந்தார்.

இறங்கும்போது, இரண்டாம் மாடியில் தண்ணீர் கேன் போடுகிறவர் ஒரு கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். உள்ளே பதில் இல்லை. அவர் கேனை வாசலில் வைத்துவிட்டுக் கிளம்பப் போனார். இவர் மேலிருந்து வரும் கடைசிப் படியில் நின்றார்.

"யாரைப் பார்க்கணும் உங்களுக்கு?" என்றார் தண்ணீர்க்காரர்.

"யாரையும் இல்ல. இன்னொரு தடவை தட்டுங்க."

தண்ணீர்க்காரர் இவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மறுபடி தட்டினார். உள்ளேயிருந்து ஒரு ஆண் குரல், "வர்றேன், வர்றேன்" என்று சலித்துக்கொண்டது. அந்தக் கதவு முழுசாகத் திறக்கிறவரைக்கும் மாடி அங்கேயே நின்றார்.